மூன்றாவது பாட்டின் நான்காவது நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

பாசமுள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் வரியே பொய்யாக இருந்தால் மீதியை நீ நம்பமாட்டாயே என்ற பயத்தில் அந்த வரியை விட்டுவிட்டேன். உன் சௌக்கியமும் மாப்பிள்ளையின் முட்டி வலியும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். போனிலேயே கேட்டிருக்கலாம்தான். நீதான் ஐந்து நாளாக என் நம்பரை அடைத்து வைத்திருக்கிறாயே. ஒரு நாளைக்கு ஆறு தடவை கூப்பிட்டது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விஷயத்துக்கு வருவதற்குள் நீ ஒவ்வொரு தடவையும் வைத்துவிட்டதால்தானே அடுத்த தடவை மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டியதாயிற்று? கடைசியாக என்ன சொன்னாய்? "கடுதாசி எழுதுண்ணே. எனக்கு வேணுங்கறத மட்டும் படிச்சுக்கறேன்." இதோ எழுதுகிறேன். தயவுசெய்து எதையும் தாண்டிப் போகாதே. உயிர் போகிற விஷயம்.

என்னோடு தங்கியிருக்கும் உன் மகளின் 'ஈரச் சாக்ஸ்' இசைக்குழு புது ஆல்பம் போட்டிருப்பது உனக்குத் தெரியும். பெயர் 'மிதக்கும் அலமாரி'. ஏழு பாட்டு. பாட்டு என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன், அதில் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. உன் மகள் பேஸ் கிதார். சுருட்டை முடிக்காரன் ஒருவன் இன்னொரு கிதார். அவன் காலுக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கிறது, அதை மிதித்தால் கிதார் வாயைத் திறந்து திறந்து மூடுவதுபோல் ஒரு சத்தம் வரும். கீபோர்டு வாசிப்பவன் பகலில் மருந்துக்கடையில் நிற்கிறான், அவனை எல்லோரும் மருந்து என்றே கூப்பிடுகிறார்கள். டிரம்ஸ் அடிப்பவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. நாளெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் மிதித்து மிதித்து வலது காலுக்கு நல்ல பலம். "இது என்னம்மா வகை?" என்று உன் மகளைக் கேட்டேன். "ஃபங்கும் சைக்கடெலிக் ராக்கும் மாமா. ஃபங்க் இடுப்புக்கு, சைக்கடெலிக் மண்டைக்கு" என்றாள். நான்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் கெஞ்சி, எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் சாமான் அறையை அவர்கள் வாசித்துப் பழக வாங்கிக் கொடுத்தேன். நாலு மாதம் அங்கேயேதான் கிடந்தார்கள். அந்த அறையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது தெரியுமா? லிஃப்ட் குழி. அப்போது அதை நான் யோசிக்கவே இல்லை. முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவன் யோசிக்க வேண்டாமா?

ஆல்பம் வந்த அன்று காலை பத்து மணிக்கு உன் மகள் என் காதில் ஒரு பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டு, "முழுசாக் கேட்டுட்டு சொல்லுங்க மாமா" என்று வேலைக்குப் போய்விட்டாள். முதல் பாட்டு நன்றாகவே இருந்தது. அவளுடைய பேஸ், தேங்கின தண்ணீரில் ஒருத்தர் வேண்டுமென்றே குதித்துக் குதித்து நடப்பதுபோல் போனது. இரண்டாவது பாட்டுக்கு என் கால் தானாக ஆடியது. யாரும் பார்க்கவில்லையே என்று கதவைப் பார்த்துக்கொண்டேன். மூன்றாவது பாட்டின் பெயர் 'நாற்காலிக்கு வியர்க்கிறது'. மூன்று நிமிடம் எனக்கும் சந்தோஷம்தான். நான்காவது நிமிடத்தில் கிதார் அடங்கி, டிரம்ஸ் அடங்கி, உன் மகளின் பேஸ் மட்டும் மெதுவாக நடக்கும்போது, அதற்கும் அடியில் இருந்து ஒன்று வந்தது பார். ர்ர்ர்ர்ர்... டக். ர்ர்ர்ர்ர்... டக். ஹெட்போனைக் கழற்றினேன், மாட்டினேன், திரும்பப் போட்டேன். பதினான்கு தடவை கேட்டேன். சந்தேகமே இல்லை. கப்பியின் பேரிங் தேய்ந்து, உள்ளே ஒரு குண்டு உடைந்து, உடைந்த குண்டு ஒவ்வொரு சுற்றிலும் தலையைத் தட்டிக்கொள்ளும் சத்தம். கடிகாரத்தை எடுத்துக்கொண்டு லிஃப்ட் வாசலில் போய் நின்றேன். கீழ்த்தளத்தில் இருந்து இரண்டாம் மாடிக்கு வர அது எடுத்துக்கொள்வது பதினோரு விநாடி. பாட்டில் அந்தச் சத்தம் நீடிப்பதும் பதினோரு விநாடி. இதற்கு மேல் என்ன வேண்டும்? சாமான் அறைக்கு இறங்கிப்போய்ச் சுவரில் காதை வைத்தேன். கேட்டது. கேட்ட மாதிரி இருந்தது.

தங்கச்சி, உன்னிடம் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு அலுவலகக் கட்டிடத்தில் இதே சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அது என் நாலாவது கட்டிடம், சாப்பிடவில்லை, அங்கிருந்த மேலாளர் காரியத்திலேயே கண்ணாக நின்றார். "அடுத்த தடவை பாத்துக்கலாமே சார்" என்றார். நான் அறிக்கை எழுதும்போது கை லேசாக நின்றது, நின்றுவிட்டுக் கையெழுத்துப் போட்டது. மூன்று வாரம் கழித்து அந்த லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் பிடி விட்டு விழுந்து, பிரேக் பிடித்து நின்றது. உள்ளே ஒரு தட்டச்சுப் பெண். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு வேலை நிமித்தம் தவிர நான் லிஃப்டில் கால் வைத்ததில்லை. உன் கல்யாண நாள் விருந்துக்குப் பத்தாவது மாடி ஹோட்டலுக்குப் படியில் ஏறி வியர்த்து வழிந்து வந்து நின்றேனே, "உடம்பு இளைக்கத்தான்" என்றேனே, பொய்.

அன்று சாயங்காலமே நாலு பேரையும் உட்காரவைத்து அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். "இத யாரு வாசிச்சீங்க?" டிரைவிங் ஸ்கூல் உடனே, "மருந்துதான் மாமா, கீபோர்டுல என்னவோ பண்ணான், சூப்பரா இருந்துச்சு" என்றான். மருந்து முகம் வெளுத்து, "நான் இல்லையே, சுருட்டைன்னு நெனச்சு நான்தான் அவனப் பாராட்டினேன்" என்றான். சுருட்டை, "நீ பாராட்டினது இதுக்கா? நான் வேற எதுக்கோன்னு நெனச்சு தேங்ஸ் சொன்னேன்" என்றான். எல்லோரும் உன் மகளைப் பார்த்தார்கள். அவள், "எனக்கு ரெண்டு கைதான்பா" என்றாள். மருந்து எழுந்து போய்க் கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு, கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். அஞ்சாவது ஆள் ஒருத்தர் அறையில் இருந்து தங்களோடு வாசித்திருக்கிறார் என்று அவனுக்குப் பயம். "பேயெல்லாம் இல்லப்பா, லிஃப்ட்டு. பேரிங் போச்சு. எந்த நேரமும் விழும்" என்றேன். அவன் முகத்தில் என்ன நிம்மதி தெரியுமா! "அப்பாடா, அவ்வளவுதானா" என்றான். பாட்டைப் பதிவு செய்து கோர்த்துக் கொடுத்த ஒலிக்காரரைக் கேட்கலாம் என்றால், அவர் வேலை முடிந்ததும் காதுக்கு ஓய்வு வேண்டும் என்று எங்கோ சத்தமில்லாத இடத்துக்குப் போனைக்கூட எடுக்காமல் போய்விட்டாராம். இதற்கு நடுவில் டிரைவிங் ஸ்கூல் மெல்ல என் பக்கம் நகர்ந்து, "மாமா, ஒரு விஷயம். எல்லாருக்கும் ரொம்பப் புடிச்சது அந்த எடம்தான். சனிக்கிழமை வெளியீட்டு விழா வரைக்கும் லிஃப்ட்ட ரிப்பேர் பண்ணாம விட்டா, மேல லைவா ஒரு மைக் வச்சு..." என்றான். இவனிடம் கார் கற்றுக்கொள்ள வருபவர்களுக்காக மனசுக்குள் ஒரு தடவை வேண்டிக்கொண்டேன்.

விழா எங்கே என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். எங்கள் கட்டிடத்து மொட்டை மாடி. எட்டு மாடிக்கு மேலே. இருநூறு பேர். ஒரே லிஃப்ட்.

செயலாளரிடம் ஓடினேன். அந்த மனுஷன் வீட்டில் தண்ணீர் கேட்பதைக்கூட தீர்மானம் வாசிப்பதுபோலத்தான் கேட்பார். "போன மாசம்தான் சர்வீஸ் ஆச்சு. சான்றிதழ் லிஃப்ட் உள்ளயே ஒட்டியிருக்கு, பாக்கலாம்" என்றார். "சான்றிதழ்ல கையெழுத்து எப்படி விழும்னு எனக்குத் தெரியும் சார். இதக் கேளுங்க" என்று ஹெட்போனை அவர் தலையில் மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நெற்றி சுருங்கியது. சரி, புரிந்துவிட்டது என்று நினைத்தேன். நான்காவது நிமிடத்தில் தலை லேசாக ஆடத் தொடங்கியது. ஐந்தாவதில் விரல் மேசையைத் தட்டியது. ஒன்பது நிமிடமும் முழுசாகக் கேட்டு முடித்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு? இதுல என்ன புகார்?" என்றார். நான் சத்தம் போட்டேன். அவரும் போட்டார். "பாட்டக் கேட்டு லிஃப்ட்ட நிறுத்தின சங்கம்னு பேர் வாங்கச் சொல்றீங்களா? எழுத்து மூலமா குடுங்க, அடுத்த கூட்டத்துல வைக்கிறேன்." அடுத்த கூட்டம் எப்போது? இருபத்தெட்டாம் தேதி. பேரிங்குக்குத் தேதி தெரியுமா?

அதனால்தான் புதன்கிழமை காலை நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். எட்டு மாடியும் படியில் ஏறினேன். ஐந்தாவதில் ஒரு தடவை, ஏழாவதில் ஒரு தடவை உட்கார்ந்தேன். மெஷின் ரூம் கதவுக்குப் பூட்டு இருக்கிறது, பூட்டுவதுதான் இல்லை. லிஃப்ட் கீழே காலியாக நிற்கும் வரை காத்திருந்து, மூன்று ஃபியூஸ் கட்டையையும் உருவி என் கண்ணாடிக் கூட்டில் போட்டு மூடினேன். கண்ணாடி சட்டைப் பையில் தனியாகக் கிடந்து அன்றைக்கே கீறல் விழுந்துவிட்டது. கீழே வந்து ஒரு காகிதத்தில், 'லிஃப்ட் பழுது. படியில் செல்லவும். உயிர் முக்கியம்' என்று எழுதி ஒட்டினேன். பத்து நிமிடத்தில் யாரோ அதற்குக் கீழே, 'முட்டியும் முக்கியம்' என்று எழுதிவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததை எல்லாம் வரிசையாக எழுத எனக்குத் திராணி இல்லை, முடிந்தவரை சொல்கிறேன். ஐந்தாவது மாடி பல் டாக்டரம்மா என்னைப் படியிலேயே மடக்கி, "பல்லு வலின்னு வர்றவங்க நெஞ்சு வலின்னு போறாங்க சார், எனக்கு அதுக்கு மருந்து தெரியாது" என்றார். பாதி வாய் மரத்துப்போன ஒருவர் அந்தப் பக்கமாக இறங்கிக்கொண்டே என்னைப் பார்த்து என்னவோ சொன்னார். வார்த்தை புரியவில்லை, அர்த்தம் புரிந்தது. லிஃப்ட் கம்பெனிக்குச் செயலாளர் போன் செய்தால், திங்கட்கிழமைதான் ஆள் வரும் என்றுவிட்டார்கள். வியாழக்கிழமை ஆறாவது மாடிக்குப் புதிதாகக் குடிவருபவர்கள் சாமானோடு வந்து இறங்கினார்கள். அவர்களிடம் ஒரு அலமாரி இருந்தது. தேக்கு. மூன்று கதவு. கீழே நிறுத்தி வைத்துவிட்டு லிஃப்டைப் பார்த்தார்கள், காகிதத்தைப் பார்த்தார்கள், நாலு பேராகத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நாலாவது மாடித் திருப்பத்தில் அது சிக்கியது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. படியை அடைத்துக்கொண்டு சுவருக்குச் சுவர் நின்றது. மேலே இருப்பவர்கள் மேலே, கீழே இருப்பவர்கள் கீழே. தச்சரைக் கூட்டி வந்தால், அறுத்தால் பாழாகிவிடும் என்று அவர் கண் கலங்கி, பின்பலகையை மட்டும் கழற்றிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் கட்டிடத்தில் மேலே போகிறவர்கள் எல்லோரும் அலமாரியின் கதவைத் திறந்து உள்ளே நுழைந்து பின்பக்கமாக வெளியே வந்து போகிறார்கள். செயலாளர் கொஞ்சம் அகலமானவர். பக்கவாட்டில் திரும்பி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார் பார், அந்தப் பார்வையோடு நான் இரண்டு நாளாகக் குடியிருக்கிறேன்.

சனிக்கிழமை வந்தது. உன் மகள் என்னோடு பேசுவதை வெள்ளிக்கிழமையே நிறுத்திவிட்டாள். டிரம்ஸைத் தனித்தனியாகக் கழற்றி, அலமாரி வழியாகத் தலைக்கு மேலே தூக்கிக் கொடுத்துக் கொடுத்து மொட்டை மாடிக்குக் கொண்டுபோனார்கள். நான் கீழே லிஃப்ட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். யாராவது வேறு ஃபியூஸ் போட்டுவிட்டால்? அஞ்சு மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பூப்போட்ட சட்டை, ஆரஞ்சுக் கண்ணாடி, ஒரு காலில் மட்டும் சாக்ஸ் போட்டவர்கள். எட்டு மாடி என்றதும் திட்டப்போகிறார்கள் என்று உடம்பைக் குறுக்கிக்கொண்டேன். திட்டவில்லை. ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் நாலாவது மாடியில் இருந்து ஒரே ஆரவாரம். அலமாரி! ஆல்பத்தின் பெயர் 'மிதக்கும் அலமாரி' என்பதால் அது குழு வேண்டுமென்றே செய்த ஏற்பாடு என்று நினைத்துவிட்டார்கள். உள்ளே நுழைந்து நுழைந்து வெளியே வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். சிலர் திரும்பக் கீழே இறங்கி வந்து மறுபடி போனார்கள். ஒரு பெண் என்னிடம் குனிந்து, "இந்த ஐடியா உங்களோடதாமே? என்ன ஒரு கற்பனை!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள். இறங்கும்போது கைப்பிடியைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

மேலே போகாமல் இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. மூன்றாவது பாட்டு தொடங்கியபோது நான் மெஷின் ரூம் சுவரில் சாய்ந்து நின்றேன். உன் மகள் அப்படி வாசித்து நான் பார்த்ததே இல்லை; கண்ணை மூடிக்கொண்டு, சின்ன வயதில் கணக்குப் போடும்போது உதட்டைக் கடிப்பாளே, அதே மாதிரி. நான்காவது நிமிடத்தில் அந்தச் சத்தத்தை அவர்களால் வாசிக்க முடியாது அல்லவா, அந்த இடத்தைச் சும்மா விட்டுவிடுவதென்று தீர்மானித்திருந்தார்கள். பேஸ் மட்டும் நடந்தது. அப்போது, தங்கச்சி, இருநூறு பேரும் சேர்ந்து ஒரே குரலில், ஆல்பத்தில் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்ததை, "ர்ர்ர்ர்ர்... டக்! ர்ர்ர்ர்ர்... டக்!" என்று வாயால் போட்டார்கள். குதித்துக்கொண்டே. சிரித்துக்கொண்டே. ஒரு பெண்ணின் மணிக்கட்டு முறிகிறதற்கு முன்னால் வரும் சத்தத்தை இருநூறு பேர் சந்தோஷமாகக் கத்துவதை நான் கேட்டேன். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. இறங்கி வந்து, நாலாவது மாடியில், அலமாரிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன்.

விழா முடிந்து எல்லோரும் என்னைத் தாண்டி இறங்கிப் போன பிறகு உன் மகள் வந்தாள். பேசாமல் போய்விடுவாள் என்று நினைத்தேன். கிதாரைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் அந்தப் பலகையில் உட்கார்ந்தாள்.

"நல்லா இருந்துச்சா மாமா?"

"நல்லா இருந்துச்சும்மா."

"பொய் சொல்லாதீங்க. பாதியில எறங்கிட்டீங்க, பாத்தேன்."

அவளிடம் அந்தத் தட்டச்சுப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். உனக்கு இன்றைக்குச் சொல்வதை அவளுக்கு நேற்றே சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அவள் மெதுவாக, "அவங்க மறுபடி டைப் பண்ணாங்களா?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் நான் அதை யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயம். அதையும் சொன்னேன். அவள் என் பையில் இருந்த கண்ணாடிக் கூட்டைத் தொட்டுப் பார்த்தாள். எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

"இருக்கட்டும். திங்கக்கிழம மெக்கானிக் வந்து தொறந்து பாக்கட்டும். அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன், செயலாளர் கேட்டா எங்கிட்ட அனுப்புங்க." எழுந்தவள் நின்று, "ஆனா மாமா... தொறந்து பாத்து, ஒண்ணுமே இல்லன்னா?"

அந்தக் கேள்வியோடுதான் இரவெல்லாம் விழித்துக் கிடந்தேன். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நாளைக்குக் காலையில் பேரிங் உடைந்திருந்தால், இத்தனை நாள் இத்தனை பேர் சாவோடு மேலேயும் கீழேயும் போய்வந்தார்கள் என்று அர்த்தம். உடையாமல் இருந்தால், உன் அண்ணன் காதில் மட்டும்தான் அந்தச் சத்தம் என்று அர்த்தம். இரண்டில் எதற்கு நான் அதிகம் பயப்படுகிறேன் என்று கேட்காதே. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன், அப்புறம் உன் முகத்தில் விழிக்க முடியாது. ஒன்று மட்டும் செய். ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால், உன் மகளுக்கு ஒரு போன் போட்டு, மாமா முன்னாலெல்லாம் இப்படி இல்லை, நல்ல வேலைக்காரர்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவை. அவள் சிரித்தாலும் பரவாயில்லை. நீ இந்த அமளியில் எல்லாம் மாட்டாமல் தூரத்தில் பத்திரமாக இருக்கிறாய் என்பது ஒன்றுதான் எனக்கு இப்போதைக்கு நிம்மதி.

உன் வீட்டில் திறக்க வேண்டிய கதவு திறக்கட்டும், மூட வேண்டிய கதவு மூடட்டும், நடுவில் எதுவும் நிற்காமல் இருக்கட்டும். நீயும் மாப்பிள்ளையும் நீண்ட நாள் நிறைவாக இருக்க மனதார வாழ்த்துகிறேன். என் நம்பரை விடுவிக்க முடிந்தால் விடுவி. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல்.

எப்போதும் உன் நலம் நாடும்
அண்ணன்

பின்குறிப்பு, திங்கட்கிழமை, சாயங்காலம் நாலரை மணி:

மெக்கானிக் வந்தாள். முப்பது வயதுப் பெண், கையில் எண்ணெய்த் துணி, பேச்சு குறைவு. ஃபியூஸை நானே மாட்டிக் கொடுத்தேன். கப்பி ஒவ்வொன்றையும் தன் கையால் சுற்றிப் பார்த்தாள், காதை வைத்தாள், என் காதையும் வைக்கச் சொன்னாள். எண்ணெய் மாதிரி ஓடுகிறது. சத்தமே இல்லை. "இன்னும் பத்து வருஷத்துக்கு இதப் பாக்கவே வேணாம் சார்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. செயலாளர் லிஃப்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வீட்டுக்கு வந்து, இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று முதல் பக்கத்தைக் கையில் எடுத்தபோது உன் மகள் படியில் ஓடிவரும் சத்தம் கேட்டது.

ஒலிக்காரர் திரும்பி வந்துவிட்டார். அவரிடம் போய் மூன்றாவது பாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். அந்த மனுஷன் தலையைச் சொறிந்துகொண்டு, "உங்ககிட்ட சொல்லல, கோவிச்சுக்காதீங்க. இங்க கீழ வாசிச்சதுல உயிரே இல்லம்மா. அதான் முன்னாடி வாசிச்சத எடுத்து உள்ள வச்சுட்டேன்" என்றாராம். முன்னாடி என்றால் எப்போது? மூன்று மாதத்துக்கு முன்னால், விடுமுறைக்கு நாலு பேரும் அவரோடு உன் வீட்டுக்கு வந்து தங்கினார்களே, அப்போது. மாப்பிள்ளைக்குத் தூக்கம் கெடுகிறது என்று நீதான் கீழே காவலாளி அறையைத் திறந்து விட்டாயாமே. அந்த அறையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று உன் மகளைக் கேட்டேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

மேலே எட்டுப் பக்கத்தில் லிஃப்டைப் பற்றி எழுதியது எல்லாம் சரி. கட்டிடம்தான் தப்பு.

மூன்று மாதம். உங்கள் லிஃப்டின் பேரிங் தானாகச் சரியாகாது தங்கச்சி, தேய்ந்துகொண்டே போகும். உன் மகள் உனக்கு உடனே போன் போட்டாள். "மாமா பக்கத்துல இருக்காரா?" என்று கேட்டாய், ஆமாம் என்றாள், வைத்துவிட்டாய். அதன் பிறகு எடுக்கவே இல்லை, அவள் அனுப்பிய செய்தியையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வழக்கம்போல் போனை எங்கேயோ வைத்துவிட்டு மறந்திருப்பார். அதனால் அவளே இந்தக் கடிதத்தோடு ஐந்து மணி பஸ்ஸில் கிளம்புகிறாள். கீழே இருந்து அம்மாவைக் கூப்பிடாதே, லிஃப்டில் இறங்கி வந்துவிடுவாள் என்று அவளிடம் சொல்லி அனுப்புகிறேன். ஆகவே இது உன் கையில் இருந்தால், அவள் ஏழு மாடியும் படியில் ஏறி வந்து கொடுத்திருக்கிறாள். மூச்சு வாங்கிக்கொண்டிருப்பாள். முதலில் தண்ணீர் கொடு. மாப்பிள்ளை எங்கே இருக்கிறார் என்று பார். வெளியே கிளம்பியிருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடு, வெட்கப்படாதே, கத்து. ஏழு மாடி வீட்டுக் கதவையும் தட்டி, யாரும் லிஃப்டில் ஏற வேண்டாம் என்று சொல்.

நான் அந்த மெக்கானிக் பெண்ணைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். வருவாள் போலத்தான் இருக்கிறது. அடுத்த பஸ்ஸில் அழைத்துக்கொண்டு வருகிறேன். வந்து இறங்கியதும் நேராக உன் வீட்டுக்குத்தான். ஏழு மாடி, கொஞ்சம் நேரம் பிடிக்கும். கதவைத் திறந்தே வை.